எட்டாவது இன்னிங்ஸுக்கு இழுக்கப்பட்ட ஸ்டார்ட்டர்: ஜோபா சேம்பர்லின் நிகழ்வு ஆய்வு

2007 ஆகஸ்ட் 7 அன்று டொராண்டோவில் நடந்த ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் 21 வயது பிட்சர் (பந்து வீசுபவர்) ஜோபா சேம்பர்லின், அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கில் தம் முதல் பந்தை வீசினார். அன்று இரண்டு இன்னிங்ஸ் வீசி ஓட்டம் எதுவும் தராமல் இறங்கிய அவர், அந்தப் பருவம் முடிவதற்குள் 19 ஆட்டங்களில் 24 இன்னிங்ஸ் வீசி 34 பேட்டர்களை ஸ்ட்ரைக்அவுட் செய்தார், அதாவது பந்தை ஆடுகளத்துக்குள் அடிக்க விடாமலே அவுட்டாக்கினார். தடுப்பாளர் பிழையால் வந்ததை நீக்கிவிட்டால் அவர் கணக்கில் ஏறியது ஒரே ஓர் ஓட்டம். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் சராசரியாக எத்தனை ஓட்டம் தருகிறார் என்பதைச் சொல்லும் ஈ.ஆர்.ஏ. அளவில் அது 0.38. மூன்றுக்குக் கீழே இருந்தாலே மிக நல்ல பிட்சர் என்று எண்ணப்படும் ஆட்டத்தில் இந்த எண் ஏறத்தாழ நம்ப முடியாதது.

ஆனால் யாங்கீஸ் அவரைத் தேர்ந்தெடுத்ததும் பயிற்றுவித்ததும் இந்த வேலைக்காக அல்ல. ஆட்டத்தைத் தொடங்கி ஆறேழு இன்னிங்ஸ் தாங்கும் ஸ்டார்ட்டராகவே அவரை உருவாக்கி வந்தார்கள். அந்த ஆண்டின் தேவைக்காக, ஏழாவது எட்டாவது இன்னிங்ஸில் வந்து போகும் ரிலீவராக இறக்கினார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் அவர் ரிலீவரிலிருந்து ஸ்டார்ட்டராகவும், மீண்டும் ரிலீவராகவும், மறுபடி ஸ்டார்ட்டராகவும், கடைசியில் நிரந்தரமாக ரிலீவராகவும் மாற்றப்பட்டார். 2016 வரை நீண்ட அவருடைய மேஜர் லீக் வாழ்க்கையில் ஸ்டார்ட்டராகத் தொடங்கிய ஆட்டங்கள் மொத்தம் 43. அத்தனையும் 2008, 2009 ஆகிய இரண்டே பருவங்களில் முடிந்துவிட்டன. இளம் பிட்சர்களை அணிகள் எப்படி வளர்க்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்று பேச வரும்போதெல்லாம் இவர் பெயர் திரும்பத் திரும்ப எழுவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு வேலைகள், இரண்டு உடல்கள்

பேஸ்பால் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. ஒவ்வோர் இன்னிங்ஸிலும் ஓர் அணிக்கு மூன்று அவுட். கிரிக்கெட்டில் பழகிய கண்ணுக்கு இதில் ஒரு விதி புதிதாக இருக்கும்: ஆட்டத்திலிருந்து மாற்றி வெளியேற்றப்பட்ட பிட்சர் அன்று மீண்டும் உள்ளே வர முடியாது. ஆகவே யாரை எப்போது இறக்குவது, எப்போது எடுப்பது என்பதே மேனேஜரின் மூளைக்கு முதல் வேலை. ஸ்டார்ட்டர்கள் ஐந்து பேர் முறைவைத்து வீசுவார்கள். ஒருவருக்கு ஐந்து நாளைக்கு ஒருமுறை வாய்ப்பு வரும், அன்று 90 முதல் 100 பந்துகள் வரை வீசுவார். இந்த ஐவர் வரிசைக்கு ரொட்டேஷன் என்று பெயர். ரிலீவர்களோ மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்னும் இடத்தில் காத்திருந்து, கூப்பிட்டால் வந்து ஓர் இன்னிங்ஸ், பதினைந்து இருபது பந்து வீசிவிட்டுப் போவார்கள். தேவைப்பட்டால் மறுநாளும் வருவார்கள்.

இவ்வளவுதான் வேறுபாடு என்றால் இந்த ஆய்வுக்கு இடமே இல்லை. ஸ்டார்ட்டர் ஒரே ஒன்பது பேட்டர்களை இரண்டு முறை, சில நாட்களில் மூன்று முறை சந்திக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் பேட்டர்களின் கை ஓங்குகிறது. பந்து வரும் கோணமும் திரும்பும் விதமும் அவர்களுக்குப் பழகிவிடுகின்றன, வீசுபவரின் தோளோ களைத்துக்கொண்டே போகிறது. முதல் சுற்றில் ஃபாஸ்ட்பால் என்னும் வேகப் பந்தையும் பக்கவாட்டில் விலகும் ஸ்லைடரையும் காட்டியவர், மூன்றாம் சுற்றுக்கு மூன்றாவதாக ஒரு பந்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். வலக்கைப் பிட்சரின் ஸ்லைடர் வலக்கைப் பேட்டரை விட்டு விலகி ஓடும். இடக்கைப் பேட்டருக்கோ அது உள்நோக்கி அவர் மட்டையின் பாதைக்கே வரும். அவரை ஏமாற்ற, வேகப் பந்துபோலக் கிளம்பி மெதுவாக வரும் சேஞ்ச்அப் அல்லது வளைந்து இறங்கும் நல்ல கர்வ் வேண்டும். ரிலீவருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் இருக்கும் முழு விசையையும் பதினைந்து பந்துகளில் கொட்டலாம், இரண்டு வகைப் பந்தோடு பிழைக்கலாம். அதே பிட்சர் புல்பென்னுக்குப் போனால் வேகம் ஓரிரு மைல் கூடுவதும், ஈ.ஆர்.ஏ. ஏறத்தாழ ஓர் ஓட்டம் குறைவதும் பல ஆண்டுக் கணக்குகளில் தெரிந்த செய்தி.

இதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. ரிலீவராக ஒருவர் ஜொலிக்கும்போது அந்த வேலைக்கென்றே பிறந்தவர்போலத் தோன்றுகிறார். ஆனால் பெரும்பாலான நல்ல ஸ்டார்ட்டர்களைப் புல்பென்னில் விட்டாலும் அப்படித்தான் ஜொலிப்பார்கள். மறுதலையாக, ஸ்டார்ட்டராகத் தேறாதவர்களே ரிலீவர் ஆகிறார்கள் என்பதும் பழைய நடைமுறை. யாங்கீஸின் மரியானோ ரிவேராவே அதற்குச் சாட்சி. 1995இல் முதல் பருவத்தில் பத்து ஆட்டங்களைத் தொடங்கிய அவருடைய ஈ.ஆர்.ஏ. 5.51, அடுத்த ஆண்டு புல்பென்னுக்குப் போய் 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 2.09க்கு இறக்கினார், பின்னர் 652 ஆட்டங்களில் கடைசியில் வந்து முன்னிலையைக் காத்துக் கொடுத்தார். 1996இல், ஆட்டத்தை முடித்துவைக்கும் ரிலீவரான ஜான் வெட்லேண்டுக்கு முன்னால் ரிவேரா வந்து இரண்டு இன்னிங்ஸ் அடைத்ததும், அந்த ஆண்டு கோப்பை கிடைத்ததும் அந்த அணி நிர்வாகத்தின் நினைவில் ஆழமாகப் பதிந்திருந்தன. சேம்பர்லினை எட்டாவது இன்னிங்ஸில் பார்த்த ஒவ்வொரு யாங்கீஸ் ரசிகருக்கும் அந்த ஆண்டுதான் ஞாபகம் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

2006 டிராஃப்டும் அச்சமும்

சேம்பர்லின் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரத்துக்காரர். ஹோ-சங்க் பழங்குடி மரபைச் சேர்ந்தவர். அவர் தந்தை ஹார்லன் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர், மகனைத் தனியாக வளர்த்தவர். சிறிய கல்லூரி ஒன்றில் தொடங்கி நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்கு மாறிய ஜோபா, அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2006இல் 41ஆவது ஆளாக யாங்கீஸுக்குக் கிடைத்தார். திறமைக்கு இது பின்தள்ளப்பட்ட இடம். உடல்நிலை குறித்த ஐயங்கள் அவரை அவ்வளவு தூரம் இறக்கியிருந்தன. அதே டிராஃப்டில் 21ஆவதாக இயன் கென்னடியை எடுத்திருந்தார்கள். 2004இல் எடுத்த ஃபில் ஹியூஸ் ஏற்கெனவே மேஜர் லீக்குக்குக் கீழ்ப்படியான மைனர் லீக்கில் வளர்ந்துகொண்டிருந்தார். விலைகொடுத்து முதிய நட்சத்திரங்களை வாங்கியே பழகிய அணியில், ஜெனரல் மேனேஜர் பிரையன் காஷ்மன் இந்த மூவரையும் சொந்தத் தோட்டத்து விளைச்சலாக முன்னிறுத்தினார்.

அக்காலத்தில் இளம் பிட்சரை வைத்திருக்கும் எந்த நிர்வாகியின் தூக்கத்தையும் கெடுக்கும் பெயர் ஒன்று இருந்தது: சிகாகோ கப்ஸ் அணியின் மார்க் பிரையர். 2003இல் வழக்கமான பருவத்தில் மட்டும் 211 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய அந்த இளைஞர், அதன்பின் காயங்களிலிருந்து மீளவே இல்லை. 2006க்குப் பிறகு மேஜர் லீக் ஆட்டம் ஒன்றிலும் அவர் வீசவில்லை. அதே காலத்தில் விளையாட்டு எழுத்தாளர் டாம் வெர்டூச்சி, 25 வயது நிரம்பாத பிட்சர் முந்தைய ஆண்டைவிட 30 இன்னிங்ஸுக்கு மேல் கூடுதலாக வீசினால் மறு ஆண்டு காயமோ சரிவோ வரும் என்ற கருத்தைப் பரப்பியிருந்தார். பிற்காலத்தில் புள்ளிவிவர ஆய்வாளர்கள் சோதித்தபோது அந்த விதி நிற்கவில்லை; நிறைய வீசிய ஆண்டு என்பதே நன்றாக அமைந்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு சற்று இறங்குவது இயல்பு. ஆனால் 2007இல் நியூயார்க்கில் அது கிட்டத்தட்ட வேதவாக்கு.

விதிகள் பிறந்த விதம்

2007இல் மைனர் லீக்கில் டாம்பா, டிரென்டன், ஸ்கிரான்டன் என மூன்று படிகளை ஒரே பருவத்தில் ஏறிய சேம்பர்லின், ஏறத்தாழ 88 இன்னிங்ஸில் 135 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். ஜூலை இறுதியில் ஸ்கிரான்டனில் அவரைப் புல்பென்னுக்கு மாற்றியதற்கு இரண்டு காரணங்கள் ஒரே புள்ளியில் சந்தித்தன. அந்த ஆண்டுக்கு அவருக்கு ஒதுக்கிய இன்னிங்ஸ் தீர்ந்துகொண்டிருந்தது என்பது ஒன்று. மேலே மேஜர் லீக் அணியில் ஆட்டத்தின் பிற்பகுதியைத் தாங்க நம்பகமான கை இல்லை என்பது மற்றது. மிச்சமிருந்த இன்னிங்ஸைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து மேலே செலவழித்தால் தோளும் பிழைக்கும், அணியும் பிழைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். காகிதத்தில் இது அழகான கணக்கு என்பதை நான் மறுக்க மாட்டேன்.

அப்போதைய மேனேஜர் ஜோ டோரி, நம்பிய ரிலீவரை ஓயவிடாமல் பயன்படுத்துபவர் என்று பெயரெடுத்தவர். 2006இல் ஸ்காட் புரோக்டர் 83 ஆட்டங்களில் வந்தார். அவரையும் சேம்பர்லின் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, 2007 ஜூலை 31 அன்று, லாஸ் ஏஞ்சலஸுக்குக் கைமாற்றிவிட்டார்கள். புதிய பிள்ளையும் அதே வழியில் தேய்ந்துவிடக் கூடாது என்று நிர்வாகமே மேனேஜர் கையைக் கட்டியது. அடுத்தடுத்த நாட்களில் வீசக் கூடாது. ஓர் இன்னிங்ஸ் வீசினால் ஒரு நாள், இரண்டு வீசினால் இரண்டு நாள் ஓய்வு. செய்தியாளர்கள் இதற்கு ‘ஜோபா விதிகள்’ என்று பெயரிட்டார்கள். சட்டையில் அச்சிட்டு விற்கும் அளவுக்கு அது பரவியது. ஒரு தொழிலாளியின் ஓய்வு நாள் அட்டவணை ரசிகர்களின் முழக்கமாக மாறியது வேறெங்கும் நடந்திருக்குமா என்று தெரியவில்லை.

அந்த விதிகளின் குறை அப்போதே ஒரு கோணத்தில் தெரிந்திருக்க வேண்டும். தோளில் விழும் சுமையை அவை எண்ணின; தோள் கற்றுக்கொள்ள வேண்டியதை எண்ணவில்லை. ஸ்கிரான்டனில் ஸ்டார்ட்டராக இருந்திருந்தால் சேம்பர்லின் தம் கர்வையும் சேஞ்ச்அப்பையும் தோற்றாலும் பரவாயில்லை என்று ஆட்டத்தில் வீசிப் பழகியிருப்பார். யாங்கி ஸ்டேடியத்தில் ஓர் ஓட்ட முன்னிலையில் எட்டாவது இன்னிங்ஸுக்கு வருபவர் அந்தப் பரிசோதனையைச் செய்ய முடியாது. மணிக்கு 97 மைலை ஒட்டிய ஃபாஸ்ட்பாலும், அதை நம்பி மட்டையை வீசியவரைக் காலடியில் ஏமாற்றும் ஸ்லைடரும் இருக்கையில் மூன்றாவதை எதற்கு எடுக்க வேண்டும்? எடுக்கவில்லை.

அந்தப் பருவத்தின் முடிவு ஒரு விநோதத்தில் போய் நின்றது. அக்டோபர் 5, கிளீவ்லாந்து, வழக்கமான பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் தொடரின் இரண்டாவது ஆட்டம். யாங்கீஸ் 1-0 முன்னிலையில் இருக்க, ஏழாவது இன்னிங்ஸில் வந்து சிக்கலைத் தீர்த்த சேம்பர்லின் எட்டாவதுக்கும் மேடேறினார். எரீ ஏரியிலிருந்து கிளம்பிய சிறு பூச்சிகள் பெரும்படையாக மைதானத்தை மூடின. அவர் கழுத்திலும் முகத்திலும் அவை அப்பிக்கொண்டன. பூச்சி மருந்து தெளித்தும் பயனில்லை. பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பும் வாக் ஒன்று, கேட்சர் கைக்கு எட்டாமல் ஓடிய பந்துகள் இரண்டு, ஓட்டம் சமன். பதினோராவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்து வென்றது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லாமல் போனதற்காக டோரி பின்னர் வருந்தினார். தொடரும் போயிற்று, டோரியும் போனார்.

2008: பறந்துகொண்டே எஞ்சின் மாற்றம்

ஜோ ஜிரார்டி மேனேஜராக வந்த 2008இல் ரொட்டேஷனில் ஹியூஸும் கென்னடியும் இடம்பெற்றார்கள். சேம்பர்லின் மீண்டும் புல்பென்னில் தொடங்கினார். முந்தைய குளிர்காலத்தில் மினசோட்டாவின் பிட்சர் ஜொஹான் சந்தானாவை வாங்கும் வாய்ப்பு வந்தபோது இந்த இளைஞர்களைக் கொடுக்க மனமின்றி யாங்கீஸ் ஒதுங்கியிருந்தது. ஆகவே இவர்கள் வென்றாக வேண்டும் என்ற சுமையும் சேர்ந்துகொண்டது. ஹியூஸும் கென்னடியும் அந்த ஆண்டு ஓர் ஆட்டத்தில்கூட, வென்ற அணியின் பிட்சர் ஒருவர் பெயரில் எழுதப்படும் வெற்றிக் கணக்கைப் பெறவில்லை. ஏப்ரலிலேயே உரிமையாளர் குடும்பத்தின் ஹாங்க் ஸ்டைன்பிரென்னர், சேம்பர்லினை ஸ்டார்ட்டராக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்.

மாற்றினார்கள், ஆனால் எப்படி மாற்றினார்கள் என்பதுதான் ஆய்வுக்குரியது. மைனர் லீக்குக்கு அனுப்பி ஆறு வாரம் நிதானமாக நீட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக மேஜர் லீக்கிலேயே ரிலீவராக இருந்தபடி பந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஜூன் 3 அன்று டொராண்டோவுக்கு எதிராக முதல் ஆட்டத்தைத் தொடங்க வைத்தார்கள். 62 பந்துகளில் இரண்டு இன்னிங்ஸும் ஓர் அவுட்டும்தான் கிடைத்தன. இருந்தும் அவர் வேகமாகத் தேறினார். ஜூலை 25 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில், ஜாஷ் பெக்கெட்டை எதிர்த்து ஏழு இன்னிங்ஸ் ஓட்டமின்றி வீசி ஒன்பது பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து 1-0 என்று வென்ற ஆட்டம், அவர் ஸ்டார்ட்டராக முடியுமா என்ற கேள்விக்கு அதுவரை கிடைத்த மிகத் தெளிவான பதில். அந்த ஆண்டு அவர் தொடங்கிய 12 ஆட்டங்களில் ஈ.ஆர்.ஏ. மூன்றுக்கும் குறைவு.

ஆகஸ்ட் 4 அன்று டெக்சஸில் தோள் இறுகியது. தோள்மூட்டைச் சுற்றிய ரொட்டேட்டர் கஃப் தசைநாண் அழற்சி என்று கண்டறிந்தார்கள். செப்டம்பரில் திரும்பியபோது வந்த இடம் மீண்டும் புல்பென். ஆண்டு முழுவதும் சேர்த்து வீசியது 100 இன்னிங்ஸும் ஓர் அவுட்டும்; யாங்கீஸ் 1993க்குப் பிறகு முதன்முறையாகப் பிளேஆஃப் காணாமல் நின்றது.

இங்கே கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். 2007இல் மைனர் லீக்கும் மேஜர் லீக்கும் சேர்த்து அவர் வீசியது சுமார் 112 இன்னிங்ஸ். 2008இல் 100. ஸ்டார்ட்டருக்கு ஆண்டுக்காண்டு படி ஏறவேண்டிய இந்த எண், புல்பென்னில் கழிந்த இரண்டு மாதங்களாலும் காயத்தாலும் கீழே இறங்கியிருந்தது. அதன் விளைவாக, 23 வயதில் முழுநேர ஸ்டார்ட்டராக 2009இல் அடியெடுத்து வைத்தபோதும் அவருக்கு உச்சவரம்பு தேவைப்பட்டது. பாதுகாக்கவென்று வைத்த ஏற்பாடு, அடுத்த ஆண்டும் பாதுகாப்பு தேவைப்படும் நிலையைத் தானே உண்டாக்கிவிட்டது.

2009: மூன்று இன்னிங்ஸ் ஆட்டங்கள்

சி.சி. சபாத்தியாவையும் ஏ.ஜே. பர்னெட்டையும் பெருந்தொகைக்கு வாங்கிய 2009 அணி, முதல் நாளிலிருந்தே கோப்பைக்காக ஆடியது. சேம்பர்லினின் ஃபாஸ்ட்பால் வேகம் 92, 93 மைலுக்கு இறங்கியிருந்தது. ஸ்டார்ட்டர் என்பதால் சற்று இறங்குவது இயல்பு. இது இயல்பைத் தாண்டிய இறக்கம். ஆனாலும் ஜூலை பிற்பகுதியில் தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் நன்றாக அமைந்தன. ஜூலை 29 அன்று டாம்பா பே அணிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் ஓட்டமே தரவில்லை. அவர் கைக்கு ஒரு தாளம் கிடைத்திருந்தது.

சரியாக அந்த நேரத்தில் இன்னிங்ஸ் வரம்பு கண்ணில் பட்டது. முதலில் இரண்டு ஆட்டங்களுக்கு இடையே நாட்களைக் கூட்டினார்கள். பிறகு ஆகஸ்ட் இறுதியிலிருந்து, முறைப்படி ஆட்டத்தைத் தொடங்கி மூன்று இன்னிங்ஸோடு இறங்கிவிடும் முறைக்கு மாறினார்கள். வீசும் நாளும் நிச்சயமில்லை, எவ்வளவு வீசுவோம் என்பதும் தன் கையில் இல்லை என்ற நிலையில் ஓர் இளைஞர், பேட்டர்களை மூன்றாம் சுற்றில் சந்திக்கும் பாடத்தை எங்கே படிப்பார்? மூன்று இன்னிங்ஸில் இறங்குபவருக்கு இரண்டாம் சுற்றே முழுமையாக வராது. பருவ முடிவில் 31 ஆட்டங்களைத் தொடங்கி, மொத்தம் 157 இன்னிங்ஸுக்குச் சற்று மேல் வீசி, ஈ.ஆர்.ஏ. 4.75 என்று நின்றார். சிதைந்த பிற்பகுதியே அந்த எண்ணைத் தூக்கிவிட்டது.

அக்டோபரில் யாங்கீஸ் சபாத்தியா, பர்னெட், ஆண்டி பெட்டிட் ஆகிய மூன்றே ஸ்டார்ட்டர்களோடு, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வென்றது. சேம்பர்லின் புல்பென்னில் இருந்தார். நான்காவது ஆட்டத்தில் முன்னிலையைத் தக்கவைக்க வந்தவர் சமன் செய்யும் ஹோம் ரன்னைக் கொடுத்தார். பின்னர் அணி ஓட்டம் எடுத்ததால் வெற்றிக் கணக்கு அவர் பெயரிலேயே ஏறியது. அடுத்த மார்ச்சில் ஐந்தாவது ஸ்டார்ட்டர் இடத்துக்கு அவரும் ஹியூஸும் போட்டியிட, ஹியூஸ் தேர்வானார். அதோடு அந்த அத்தியாயம் மூடப்பட்டது. 2011 ஜூனில் முழங்கைத் தசைநார் கிழிந்து டாமி ஜான் அறுவைச் சிகிச்சை, 2012 மார்ச்சில் மகனோடு டிராம்போலினில் விளையாடும்போது கணுக்கால் பிசகியது, 2013க்குப் பின் டெட்ராய்ட், கான்சஸ் சிட்டி, கிளீவ்லாந்து என்று இடம்பெயர்வு.

புல்பென்தான் குற்றவாளியா?

அவசரமாகத் தீர்ப்பெழுதினால் இளம் ஸ்டார்ட்டரைப் புல்பென்னில் இறக்கியதே தவறு என்று முடித்துவிடலாம். ஆனால் பேஸ்பால் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. பால்டிமோர் ஓரியோல்ஸின் ஏர்ல் வீவர், புதிய பிட்சர் மேஜர் லீக்கைக் கற்கச் சிறந்த இடம் நீண்ட நேரம் வீசும் ரிலீவர் வேலைதான் என்று நம்பி நடந்தவர். செயின்ட் லூயிஸின் ஆடம் வெயின்ரைட் 2006இல் ரிலீவராக உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்துவிட்டு, மறு ஆண்டே 32 ஆட்டங்களைத் தொடங்கி 202 இன்னிங்ஸ் வீசினார். சிகாகோ வைட் சாக்ஸின் கிறிஸ் சேல் 2010 டிராஃப்டில் தேர்வான அதே கோடையில் ரிலீவராக மேலே வந்தார். 2011 முழுவதும் புல்பென்னில் கழித்து 2012இல் 192 இன்னிங்ஸ் வீசும் ஸ்டார்ட்டரானார். அந்த ஆண்டு மே மாதத்தில் முழங்கை வலி காரணமாக அவரையும் மீண்டும் புல்பென்னுக்கு மாற்றப் பார்த்தார்கள். அவர் வலுவாக மறுத்து, பரிசோதனை முடிவோடு சில நாளிலேயே ரொட்டேஷனுக்குத் திரும்பினார். சேம்பர்லினுக்கு அப்படி ஒரு மறுப்பு வாய்க்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை கொடுத்த இடத்தில் வேலை செய்தார்.

இவர்களை அடுக்கிப் பார்த்தால் வேறுபாடு இடத்தில் இல்லை, ஆயத்தத்தில் இருக்கிறது. வெயின்ரைட் புல்பென்னுக்குப் போவதற்கு முந்தைய ஆண்டு மெம்பிஸில் 180 இன்னிங்ஸை ஒட்டி வீசி, ஸ்டார்ட்டர் படிப்பை முடித்திருந்தார். சேல் கல்லூரியிலிருந்தே நல்ல சேஞ்ச்அப்போடு வந்தவர். எல்லாவற்றிலும் தெளிவானது சந்தானாவின் கதை. 2000இல் மினசோட்டாவில் ரிலீவராகத் தொடங்கிய அவரை, 2002இல் எட்மண்டனில் இருந்த மைனர் லீக் அணிக்கு அனுப்பினார்கள். அங்கே பயிற்சியாளர் பாபி குவேயார், எதிர்கொள்ளும் ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு சேஞ்ச்அப்பாவது வீசியாக வேண்டும் என்று கட்டளையிட்டார். ஆட்டம் தோற்றாலும் சேஞ்ச்அப் வளரட்டும் என்பதே அந்தக் கட்டளையின் பொருள். திரும்பி வந்தவர் அதன் பிறகும் கொஞ்ச காலம் புல்பென்னுக்கும் ரொட்டேஷனுக்கும் இடையே அலைந்தார். ஆனால் 2004இல் முழுநேர ஸ்டார்ட்டரானபோது 20 வெற்றி, 265 ஸ்ட்ரைக்அவுட், ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அலைச்சல் அவரைக் கெடுக்கவில்லை, ஏனென்றால் எட்மண்டனில் வேரூன்றிய பந்து கையில் இருந்தது.

ஜோபா விதிகளோடு குவேயாரின் விதியை ஒப்பிடுங்கள். ஒன்று எதைச் செய்யக் கூடாது என்று சொன்னது. மற்றது எதைச் செய்தாக வேண்டும் என்று சொன்னது. யாங்கீஸின் ஏற்பாட்டில் இரண்டாம் வகை விதி ஒன்றாவது எழுதப்பட்டிருந்தால், புல்பென் மாதங்களும் வீணாகியிருக்க மாட்டா என்பது என் துணிபு.

எதிர்த்தரப்புக்கும் வலுவான வாதம் உண்டு. டெக்சஸில் பட்ட தோள் காயத்துக்குப் பிறகு அவர் பந்து பழையபடி இல்லை என்று காஷ்மனே பின்னாளில் பேசியிருக்கிறார். அது உண்மையானால் விதிகள், மாற்றங்கள் எல்லாம் இரண்டாம் இடத்துக்குப் போகின்றன; காயம்பட்ட தோளை எந்தத் திட்டமும் ஸ்டார்ட்டராக்கியிருக்காது. புல்பென்னிலிருந்து ரொட்டேஷனுக்குப் பருவத்தின் நடுவே மாறியதால்தான் காயம் வந்தது என்று நிறுவவும் வழியில்லை. எத்தனையோ பிட்சர்கள் எந்த மாற்றமும் இன்றியே தோளை இழந்திருக்கிறார்கள். இந்த வாதத்தை நான் பாதி ஏற்கிறேன். வேகம் போனதைக் காயம் விளக்கும். ஆனால் வேகம் குறைந்த ஸ்டார்ட்டர்களும் மூன்றாவது, நான்காவது பந்தை வைத்துக்கொண்டு பத்தாண்டு பிழைக்கிறார்கள். அவரிடம் அது ஏன் இல்லை என்பதைக் காயம் விளக்காது.

கூட வந்த இருவரின் பாதையும் ஒரே பாடத்தைத் தரவில்லை. 2009இல் ரிலீவராக 1.40 என்ற ஈ.ஆர்.ஏ. வைத்திருந்த ஹியூஸ், 2010இல் ஸ்டார்ட்டராக 18 ஆட்டங்களை வென்றார்; பிறகு சரிந்து, 2014இல் மினசோட்டாவில் மீண்டும் எழுந்தார். கென்னடியை 2009 டிசம்பரில் அரிசோனாவுக்குக் கொடுத்தார்கள். அங்கே அவரை யாரும் எட்டாவது இன்னிங்ஸுக்குக் கூப்பிடவில்லை; 2011இல் 21 வெற்றி, 4 தோல்வி. வேடிக்கை என்னவென்றால், 2019இல் கான்சஸ் சிட்டியில் அதே கென்னடி ஆட்டத்தை முடித்துவைக்கும் ரிலீவராகி 30 ஆட்டங்களைக் காத்துக் கொடுத்தார். 34 வயதில், ஸ்டார்ட்டராகச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பின்.

அதே முறை, வேறு நாட்காட்டி

மூன்று இன்னிங்ஸ் ஆட்டங்களே அபத்தம் என்று 2009இல் பலர் எழுதினார்கள். பதினைந்து ஆண்டு கழித்து அதை ஒத்த ஒன்று நடந்தது. 2020 டிராஃப்டில் 11ஆவதாகத் தேர்வான காரெட் குரோஷே, மைனர் லீக்கில் ஓர் ஆட்டமும் ஆடாமலே அதே ஆண்டு செப்டம்பரில் வைட் சாக்ஸ் புல்பென்னுக்கு வந்தார். 2022இல் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை. 2023 முடிய அவர் மேஜர் லீக்கில் வீசியது மொத்தமே 73 இன்னிங்ஸ். 2024இல் அவரை நேராக ரொட்டேஷனில் வைத்தார்கள். முதல் பாதியில் தாராளமாக விட்டுவிட்டு, ஜூலையிலிருந்து நான்கு இன்னிங்ஸோ அதற்குக் குறைவோ வீசியதும் இறக்கினார்கள். ஆனால் முறையை மட்டும் தவறவிடவில்லை. புல்பென்னுக்கு அனுப்பவும் இல்லை. 32 ஆட்டங்கள், 146 இன்னிங்ஸ், 209 ஸ்ட்ரைக்அவுட்.

அந்த ஆண்டு வைட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்ற அணி. செப்டம்பரில் வெல்ல வேண்டிய தேவையே இல்லாததால் பிட்சரின் நாட்காட்டியைப் பிட்சருக்காகவே எழுத முடிந்தது. 2009 யாங்கீஸுக்கு அந்த ஓய்வு இல்லை. அவர்கள் சேம்பர்லினுக்கு எழுதிய அட்டவணையின் கடைசி வரியில் எப்போதும் அக்டோபர் புல்பென் இருந்தது. அதற்கான கோப்பையும் அவர்களுக்குக் கிடைத்தது.

வைட் சாக்ஸுக்குத் தம் பொறுமையின் பலன் வேறு வடிவில் வந்தது. 2024 டிசம்பரில் நான்கு இளம் வீரர்களுக்கு ஈடாக குரோஷேயை பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2025இல் பாஸ்டனுக்காக 205 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 255 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்த அவர், செப்டம்பர் 30 அன்று பிளேஆஃபின் முதல் ஆட்டத்தைத் தொடங்கினார். எட்டாவது இன்னிங்ஸிலும் மேட்டில் நின்றவர் அவரே. 117 பந்துகள், 11 ஸ்ட்ரைக்அவுட், ஒரே ஓர் ஓட்டம். ஆட்டம் நடந்த இடம் யாங்கி ஸ்டேடியம்.